கைப்பீலியும் கைப்பையும்

(தச லட்சண பர்வத்தில் உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று ஆற்றப்பெற்ற உரை)

 

தமிழில் பயணத்துக்கு வேண்டும் பொருள்கள் இவையென மிகச் சுருங்கச் சொன்ன இடம் ஒன்று உண்டு. அது சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதை. புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கவுந்தியடிகள் எடுத்துக்கொண்டவை மூன்றே பொருள்கள்: பிச்சைப் பாத்திரம், தோளில் தொங்கும் அறுவைப் பை, கையில் மயிற்பீலி. உண்பதற்கு ஒன்று, சுமப்பதற்கு ஒன்று, சிற்றுயிர் காப்பதற்கு ஒன்று. நான்காவது பொருள் இல்லை. வழிநடை முழுவதற்கும் அதுவே போதுமாயிருந்தது.

அதே காதையில் அடிகள் வழியின் இடர்களையும் எடுத்துரைக்கின்றார். கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த மலர்கள் மூடியிருக்கும், கால் தவறும். கரும்புத் தோட்டத்துத் தேனடை சிதைந்து குளத்து நீரில் தேன் கலந்திருக்கும். வேட்கையுற்ற கண்ணகி அறியாமல் அந்நீரைப் பருகிவிடக் கூடும். களை பறிப்போர் வரப்பில் இட்ட குவளைப் பூவில் வண்டுகள் மயங்கிக் கிடக்கும். நடப்போர் அறியாமல் மிதித்துவிடக் கூடும். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் சிக்கக் கூடும். வழியில் கள்வர் உண்டா, விலங்கு உண்டா என்பதைக் காட்டிலும், 'அறியாமல் விரதம் வழுவும் இடங்கள் எவை' என்பதே அப்பெருமாட்டியின் கவலையாக இருந்தது.

இன்றைய பயணிக்கு வரப்பும் வாய்க்காலும் இல்லை. விமான நிலையத்தின் பளிங்குத் தரையும் இருபுறக் கடைகளுமே வழி. ஆயினும் அறியாமல் வழுவும் இடங்கள் குறையவில்லை, கூடியிருக்கின்றன.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்துக் கொட்டச்சேட்டில், காப்பியும் மிளகும் விளையும் தோட்டப் பகுதியில் வாழும் சிராவகக் குடும்பம் அது என்று கொள்க. முதிய தாய், மகன், மருமகள், பேரன் ஆக நால்வர். தாய்க்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு: இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த சம்மேத சிகரத்தைக் கண்ணால் காணவேண்டும் என்பது. சார்கண்டு மாநிலத்தில் 1,365 மீட்டர் உயரத்தில் நிற்கும் அம்மலையை ஏறி, சுற்றி, இறங்க 27 கிலோமீட்டர். கால் வலு இருக்கும்போதே போய்வர வேண்டும் என்று மகன் விமானச் சீட்டு வாங்கிவிட்டார். மலையிறங்கிச் சேலம் வந்து, ஓமலூர்ப் பக்கம் கமலாபுரத்தில் உள்ள விமான நிலையத்தை அடைதல், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து ராஞ்சி, பிறகு சாலை வழியாக மலையடிவாரத்து மதுவனம். 1993இல் திறக்கப்பட்டு நெடுங்காலம் விமானமின்றிக் கிடந்த சேலம் நிலையத்திலிருந்து 2023 அக்டோபரில் சென்னைக்கு விமானம் மீண்டும் தொடங்கியதால், மலைவாழ் குடும்பத்துக்கும் இவ்வழி கைகூடியது.

புறப்படும் அவசரத்தில் கட்டுச்சோறு வேண்டாம் என்று முடிவாயிற்று. 'எல்லாம் விமான நிலையத்தில் கிடைக்கும்' என்றார் மகன். சென்னையில் அடுத்த விமானம் தாமதமாயிற்று. பொழுது சாயத் தொடங்கிற்று. தாய்க்கு நீரிழிவு, வேளைக்கு மாத்திரை உண்டு, மாத்திரைக்கு முன் உணவு வேண்டும். நாற்பது ஆண்டுகளாகச் சூரியன் மறைந்தபின் அவர் நீரன்றி ஒன்றும் உட்கொண்டதில்லை. மகன் ஓடிப்போய் வாங்கிவந்த பொட்டலத்தில் இருந்தது ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கும் வெங்காயமும்.

"பச்சைப் புள்ளி போட்டிருக்கிறதே அம்மா, சைவம்தான்."

"பேரனுக்குக் கொடு தம்பி. எனக்குப் பசியில்லை."

பசி இல்லாமல் இல்லை. உண்டால் விரதம் முறியும். உண்ணாவிடில் உடல் தளரும். அந்த இருமுனைக் கத்தியின் மேல் அம்முதியவரைக் கொண்டுபோய் நிறுத்தியது ஊழ்வினை அன்று. முந்தின நாள் மாலை அரைமணி நேரத்தை ஒதுக்காமல் விட்ட பிரமாதம், அதாவது அசட்டை. பிரமாதமே இம்சையின் வாயில் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதன் பொருள் இதுபோன்ற வேளையில்தான் விளங்குகின்றது. எறும்பை மிதிப்பது மட்டும் பிரமாதம் அன்று; வீட்டுப் பெரியவரின் விரதத்தை மறந்து பெட்டி கட்டுவதும் பிரமாதமே.

இங்கே பச்சைப் புள்ளியைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவ உணவைக் குறிக்கும். பழுப்பு முக்கோணம் அசைவ உணவைக் குறிக்கும். அரசின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அசைவம் எது என்று வரையறுக்கும்போது, பால், பால்பொருள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை அவ்வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆகவே தேன் கலந்த தின்பண்டத்துக்கும், அரக்குப் பூச்சிட்ட மிட்டாய்க்கும் பச்சைப் புள்ளி கிடைக்கும். கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்குச் சொல்லவே வேண்டா. ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்தார். பச்சைப் புள்ளி அந்த மூன்றில் ஒன்றைக் காட்டிக்கொடுக்காது. சட்டம் தன் கடமையைச் செய்திருக்கின்றது. சிராவகரின் விரதத்தைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பொறுப்பு உறையின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படிக்கும் கண்ணுக்கு உரியது.

அச்சிறு எழுத்தில் காணவேண்டியவை சில. 901 என்ற எண் தேன்மெழுகு, 904 அரக்கு, 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம், ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து காய்ச்சி எடுப்பது. மாத்திரைக் கூடுகள் பலவும் ஜெலட்டினால் ஆனவை. கூடில்லாத மாத்திரையாகத் தரமுடியுமா என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளலாம். மருத்துவர் சொல்லாமல் மருந்தை மாற்றலோ நிறுத்தலோ கூடாது. அவசரத்தில் வாங்கும் சோப்பின் உறையில் 'சோடியம் டாலோவேட்' என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பினால் ஆனது. இடுப்புவார், பணப்பை, காலணி ஆகியவற்றில் தோல் உண்டா என்று பார்ப்பது பழைய வழக்கமே. விமான நிலையத்தின் மின்னும் விளக்கொளியில் அவ்வழக்கம் மறந்துபோதல் கூடாது.

இனி, அங்கே கடைகள் ஏன் அப்படி அமைந்துள்ளன என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. விமானம் ஏறி இறங்கும் கட்டணத்தால் மட்டும் நிலையங்கள் நடப்பதில்லை. கடைகள் தம் வருவாயில் ஒரு பங்கை நிலையத்துக்குக் கட்டுகின்றன. 2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, இவ்வாறு பிற வழிகளில் வரும் வருவாயில் 30 விழுக்காடு விமானக் கட்டணங்களைக் குறைக்கும் கணக்கில் சேர்க்கப்படுகின்றது. ஆதலால் கடை என்பது நிலையத்தின் ஓரத்து ஒட்டுத்திண்ணை அன்று. அதன் வரவு செலவின் தூண்களுள் ஒன்று. பாதுகாப்புச் சோதனை முடிந்து, மனம் இளகி, கையில் நேரமும் இருக்கும் இடத்திலே கடைகள் வரிசையாக நிற்பது தற்செயல் அன்று. 1947இல் அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் உலகின் முதல் தீர்வையில்லாக் கடை தோன்றியதுமுதல், காத்திருக்கும் பயணியே சிறந்த வாடிக்கையாளர் என்பதை வணிகர் அறிந்திருக்கின்றனர்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். உறையிட்ட பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் சில்லறைக் கடைகள் வாங்க இயலாது. விமான நிலையமும் அதற்கு விலக்கன்று. ஒரே பொருளுக்கு வெளியே ஒரு விலையும் நிலையத்துள் ஒரு விலையும் அச்சிடும் வழக்கம் 2018 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. மீறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் அங்கேயே சமைத்துத் தரும் தோசைக்கும் தேநீருக்கும் அச்சிட்ட விலை இல்லை. பை கரைவது அங்கேதான். இக்குறை தீர, 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 'உடான் யாத்திரி கஃபே' என்னும் மலிவு விலைக் கடைகள் திறக்கப்பட்டன. திறந்தபோது தண்ணீரும் தேநீரும் 10 ரூபாய், காப்பியும் சமோசாவும் 20 ரூபாய். பணத்துக்கு அது நல்ல வழி. எனினும் சமோசாவின் வயிற்றுக்குள் பெரும்பாலும் இருப்பது உருளைக்கிழங்கு.

ஆகையால் தீர்வு கடையில் இல்லை; நியமத்தில் இருக்கின்றது. சமந்தபத்திரர் விரதத்தை இருவகையாகப் பகுத்தார்: வாழ்நாள் முழுவதற்கும் கொள்வது யமம், குறித்த காலத்துக்குக் கொள்வது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள் என்று காலம் குறித்து, உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, பூச்சு, மலர், ஆடை, அணி முதலியவற்றுக்கு அளவு வகுத்துக்கொள்ளலாம் என்கிறார். பட்டியலில் ஊர்தியும் இருப்பது காண்க. 'வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும் வரை, இன்ன பொருள்கள் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை' என்று ஜினாலயத்தில் நின்று சொல்லிக்கொள்வது முழுமையான நியமம். பத்து நாள் பயணத்துக்குப் பத்து நாள் விரதம். இளையோராலும் இயலும்.

ஒருமுறை துய்க்கும் உணவு போன்றது போகம். பலமுறை பயன்படும் ஆடை, கலம் போன்றது உபபோகம். இரண்டுக்கும் அளவு வகுத்தல் போகோபபோக பரிமாணம். வேண்டியதற்கு மேல் இப்பொருள்களைத் திரட்டிக்கொள்வதைத் தத்துவார்த்த சூத்திரம் அநர்த்த தண்ட விரதத்தின் வழுக்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. வீட்டில் நான்கு கழுத்துத் தலையணை இருக்க ஐந்தாவதை நிலையத்தில் வாங்குவது அவ்வழுவே. பயனற்ற துன்பம் என்பதே அநர்த்த தண்டம் என்ற பெயரின் பொருள்.

திக்விரதம் கொண்டோர்க்கு இன்னொரு குறிப்பு. மேல், கீழ், பக்கம் என்னும் மூவகையிலும் எல்லையை மீறுதல், எல்லையை விரித்துக்கொள்ளுதல், எல்லையை மறத்தல் ஆகிய ஐந்தும் அதன் வழுக்கள். விமானம் பறப்பது ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில். மேலெல்லை என்று முன்னோர் எண்ணியது மலையேற்றத்தை. இன்று அது வானத்தைத் தொடுகின்றது. விரதம் ஏற்கும்போதே இத்தகைய பயணத்தையும் எண்ணி எல்லை வகுத்தல் வேண்டும். பயணம் வந்தபின் எல்லையை விரித்துக்கொள்வது அழகன்று.

விமான நிறுவனங்களும் அறியாமலே ஒரு பரிமாணத்தை விதித்துள்ளன. உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோ, ஒப்படைக்கும் பெட்டிக்கு 15 கிலோ. மிகுந்தால் பணம் கட்டவேண்டும். எடைக்கருவியின் முன் நின்று பெட்டியைத் திறந்து எதை விடுவது என்று தவிக்கும்போது, பரிக்கிரகம் என்பது சுமை என்ற ஆகமச் சொல் உவமையாக இல்லாமல் உண்மையாகவே விளங்கும்.

அக்கொட்டச்சேட்டுக் குடும்பம் முந்தின மாலை அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் என்ன செய்திருக்கலாம்? அவல், பொரி, பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த சத்துமாவு, வாழைக்காய் வறுவல் ஆகியவை கெடாதவை. மலையில் விளைந்த வாழைப்பழமும் ஆரஞ்சும் முழுக்கனியாகவே கைப்பையில் வரும். பச்சை இஞ்சி விலக்கப்பட்டது; காய்ந்த சுக்கு ஏற்றது. கனி நறுக்கும் கத்தியைக் கைப்பையில் வைத்தல் கூடாது. வெறும் குடுவையோடு சோதனையைக் கடந்து, உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பி, மடித்து வைத்த வெண்துணியால் வடிகட்டிக்கொள்ளலாம். வடித்த நீர் 48 நிமிடத்துக்கு ஏற்றது என்ற கணக்கும் நினைவிருக்கட்டும். வெளிநாட்டுப் பயணமாயின், நீர்மம் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட கலத்தில் கைப்பையில் செல்லாது. மருந்துக்கு மருத்துவர் சீட்டுக் காட்டினால் விலக்கு உண்டு. மாத்திரைகள் எப்போதும் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். கைப்பேசிக்கான மின்சேமிப்புக் கருவியும் கைப்பையில்தான். ஒப்படைக்கும் பெட்டியில் அதற்கு இடமில்லை.

பூசைப் பொருளிலும் கவனம் வேண்டும். கற்பூரமும் தீப்பெட்டியும் எளிதில் தீப்பற்றுவன. விமானத்தில் அவற்றைக் கொண்டுசெல்லல் ஆகாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரையை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க இயலாது. முழுத் தேங்காய்க்கும் கைப்பையில் தடை இருந்ததனாலேயே, 2024 அக்டோபரில் சபரிமலை யாத்திரிகரின் இருமுடித் தேங்காய்க்குத் தனி அனுமதி வழங்கவேண்டியிருந்தது. இவற்றைச் சென்றடையும் ஊரில் வாங்கிக்கொள்வதே எளிது.

விமானத்தில் உணவு வழங்கும் நிறுவனமாயின், சமண உணவு என்று தனியே கேட்கலாம். அதன் குறியீடு 'வி.ஜே.எம்.எல்.' என்பது, புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னர்ச் சொல்லிவைக்க வேண்டும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் கிழங்கு வரும். விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயண நேரத்தைப் பொறுத்துப் பயணிகளுக்கு உணவளிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. அப்போதும் வெட்கமின்றித் தம் நியமத்தைச் சொல்லிப் பழமோ பாலோ கேட்டுப் பெறலாம்.

பொழுதின் கணக்கும் முக்கியம். டிசம்பர் திங்களில் சேலத்தைக் காட்டிலும் ராஞ்சியில் சூரியன் ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக மறைகின்றது. 'ஆறு மணிக்குத்தானே பொழுது சாயும்' என்று சேலத்துக் கணக்கில் இருப்போர் அங்கே இறங்கும்போது இருள் சூழ்ந்திருக்கும். கிழக்கு நோக்கிச் செல்வோர் பகலுணவை முன்னதாகவே முடித்துக்கொள்வது அறிவுடைமை.

இதனால் கடையில் எதையும் வாங்குதல் பாவம் என்பதன்று. குழந்தைக்கு உடைமாற்றும் துணி தீர்ந்துவிட்டால் வாங்கத்தான் வேண்டும். பெண்களுக்கு உரிய தேவைகள் வந்தால் வாங்கத்தான் வேண்டும். அடுத்த இருக்கை முதியவருக்கு ஒரு குடுவை நீர் வாங்கிக் கொடுப்பது வையாவிருத்தியத்தின் சாயலே. கடையில் நிற்கும் இளைஞரும் ஊதியத்துக்கு உழைப்பவரே. கிழங்கு இருக்கின்றதென்று அவரிடம் கடிந்து பேசுவது உத்தம க்ஷமையைக் கெடுக்கும். விரதம் தன்னை அளக்கும் கோல். பிறரை அடிக்கும் கோல் அன்று.

மதுரைப் புறஞ்சேரியில் மாதரி வீட்டில் கோவலனும் கண்ணகியும் தங்கியபோது, அவர்கள் சாவக நோன்பிகள் ஆதலால் பகலிலேயே உண்பதற்கு வேண்டிய கலங்களைத் தாமதமின்றித் தருக என்ற சொல் எழுகின்றது. ஆய்ச்சியர் கொணர்ந்தவை பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பால்படு பொருள். அந்தப் பட்டியலில் கிழங்கு ஒன்றும் இல்லை. வேற்று நெறியைச் சேர்ந்த இடைக்குலப் பெண்டிர் வழிப்போக்கரின் நோன்பை அறிந்து அவ்வாறு நடந்துகொண்டனர். அவர்கள் அறிந்து நடக்கக் காரணம், நோன்பு கொண்டோர் அதனை மறைக்காமல் சொன்னமையே. சொன்னால் உலகம் இன்றும் உதவும். சொல்லாதவர்க்குப் பொட்டலமே மிஞ்சும்.

இன்று பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பணிபுரியும் சமண இளைஞர் பலர் ஆண்டில் பலமுறை விமானம் ஏறுகின்றனர். அவர்களுள் விரதத்தை வெறுத்து விட்டவர் அரியர். 'வழியில் வேறு கிடைக்கவில்லை' என்று ஒருமுறை விட்டு, மறுமுறையும் விட்டு, பின்னர் மறந்தவரே மிகுதி. குலநெறி பெருந்தாக்குதலால் மட்டும் தேய்வதில்லை. காத்திருப்புக் கூடத்தின் ஒரு சிறு பசியாலும் தேய்கின்றது. அப்பசிக்கு ஒரு சம்புடம் அவலைக் கட்டிக் கொடுப்பதே அந்நெறிக்குச் செய்யும் பாதுகாப்பு.

ஆகவே இவ்விழா நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். வீட்டில் ஒரு பயணப் பை தனியே இருக்கட்டும். அதில் வடிகட்டும் துணி, வெறுங்குடுவை, உணவுச் சம்புடம், மருந்துப் பை, போர்வை, விலங்குக் கொழுப்பில்லாத சோப்பு, பற்பசை, சீப்பு, மின்னேற்றும் கம்பி ஆகியவை எப்போதும் தயாராய் இருக்கட்டும். பயணம் முடிந்ததும் குறைந்ததை நிரப்பி மீண்டும் மாட்டி வைக்கட்டும். புறப்படும் முன், வீட்டில் மூத்தவரிடம் 'பாட்டி, இந்த முறை உங்கள் நியமம் என்ன?' என்று பேரப்பிள்ளை கேட்கட்டும். அக்கேள்வி ஒன்றே பாதி ஏற்பாடு. அப்படிக் கேட்கப்பட்ட மூதாட்டி சம்மேத சிகரத்தின் முதற்படியில் தளர்வின்றிக் கால் வைப்பார். உடன் ஏறும் பேரனும், தன் பையில் எது வேண்டும், எது வேண்டா என்பதைத் தானே அறிந்தவனாக ஏறுவான்.

வாழ்க அறநெறி! வளர்க ஜினதர்மம்!